ஈயச்சொம்பும் பழைய கதவும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஈயத்தின் கெடுதலைப் பற்றிப் பேச்செடுத்தால், வீட்டில் மூத்தவர்களிடமிருந்து பெரும்பாலும் இப்படி ஒரு கேள்வி வரும்: "எங்க ஆச்சி காலம் பூரா ஈயச்சொம்புலதான் ரசம் வச்சாக. தொண்ணூறு வயசுலயும் கண்ணாடி போடாம ஊசியில நூல் கோத்தாக. அவுகளை ஒண்ணும் செய்யாத ஈயம் இப்ப மட்டும் விஷமாயிருச்சாக்கும்?"

இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இதற்குச் சரியான பதில் சொல்லாததால்தான், பயப்படவேண்டிய இடத்தில் பயப்படாமலும் பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயந்துகொண்டும் இருக்கிறோம்.

இரண்டு உலோகம், ஒரே பேர்

ஆச்சியின் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. மருத்துவர்கள் அஞ்சுவது காரீயத்தை. இரண்டும் மெத்தென்ற உலோகங்கள், எளிதில் உருகும். அதனால் பேச்சில் இரண்டுமே ஈயமாகிவிட்டன. ஆனால் இரும்பும் செம்பும் எப்படி வேறு வேறோ அப்படி இவையும் வேறு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயத்துக்கு 327 வேண்டும். சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் ஓட்டையாகிவிடும் என்று வீட்டில் எச்சரிப்பது இதனால்தான். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, சொம்பு பிழைத்துக்கொள்ளும். வெள்ளீயம் ரசத்தில் கொஞ்சம் கரைந்தாலும் உடம்பு அதை அதிகம் உறிஞ்சுவதில்லை. உணவு அடைக்கும் தகர டப்பாக்களின் உட்பக்கம் பூசுவதும் இதே வெள்ளீயம்தான்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வேலை செய்வதைப் பார்த்திருந்தால் நினைவிருக்கும். கரியடுப்பில் அண்டாவை வைத்துச் சூடேற்றுவார். உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெள்ளைப் புகை குப்பென்று எழும்பும். ஈயக்குச்சியின் நுனியைத் தொட்டதும் அது இளகி ஓடும். துணிச் சுருளால் ஒரே சுற்றாகத் தேய்ப்பார். நொடியில் வெள்ளி மாதிரி பளபளக்கும். அந்தக் குச்சி சுத்த வெள்ளீயமாக இருக்கும்வரை கவலை இல்லை. ஆனால் காரீயத்தின் விலை வெள்ளீயத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கலப்படத்துக்கான ஆசை அங்கே இருக்கிறது. கலந்துவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது. புளி, தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பு எதுவும் காரீயத்தைக் கரைத்து இழுக்கும். ஆகவே சொம்பு வாங்கும்போது மலிவு பார்க்காமல், தெரிந்த, நம்பகமான இடத்தில் வாங்குவது நல்லது.

இனி இந்த அத்தியாயத்தில் ஈயம் என்று வந்தால் அது காரீயம்தான்.

உப்புத்தாளும் பொங்கலும்

சொம்பை விட்டுவிட்டு வாசலுக்கு வருவோம். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்குக் கதவு, மர நிலை, திண்ணையை அடைத்த அழிக்கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பெயின்ட் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். ஒரு கல்யாணத்துக்குப் பச்சை, ஒரு பொங்கலுக்கு மஞ்சள், கிரகப்பிரவேசத்துக்குப் பழுப்பு. ஓரத்தில் பெயர்ந்த சில்லு ஒன்றை எடுத்துப் பார்த்தால் அதன் விளிம்பில் வண்ணங்கள் வரிவரியாகத் தெரியும்.

பெயின்ட்டில் ஈயம் சேர்த்ததற்குக் காரணங்கள் இருந்தன. சீக்கிரம் காயும், மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும், நிறம் எடுப்பாக நிற்கும். மஞ்சள், பச்சை, ஆரஞ்சு நிறங்களில் ஈயக் குரோமேட் என்ற நிறப்பொடி சேர்வதால் அவற்றில் அளவு அதிகம். சுண்ணாம்பு அடித்த சுவரிலும், காவிநிறத் தரையில் போடும் இரும்பு ஆக்சைடிலும் இந்தக் கவலை இல்லை.

இதன் ஆபத்து உலகத்துக்குப் புதிய செய்தியும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், குழந்தைகளுக்கு ஈயநஞ்சு ஏறுவது வீட்டு வராந்தாக் கம்பிகளில் அடித்த பெயின்ட் தூளாக உதிர்ந்து அவர்கள் கையில் ஒட்டுவதால்தான் என்று 1904-லேயே எழுதினார். நம் அழிக்கம்பி மாதிரியான அதே வராந்தாக் கம்பிதான். அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடைசெய்தது 1978-ல். இந்தியாவில் விதி வந்தது 2016 நவம்பரில். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல். அதன்படி வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. கிப்சன் எழுதியதிலிருந்து 113 ஆண்டுகள். அதற்கு முன் நம் வீடுகளில் அடித்த பெயின்ட் அத்தனையும் அந்தந்தக் கதவிலேயே இருக்கிறது.

கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. பொங்கலுக்கு முந்தைய வாரம் பெயின்டர் வந்து உப்புத்தாளை வைத்து வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்கத் தொடங்கும்போதுதான் கதவு தூளாகிறது. தூள் தரையில் இறங்குகிறது. அந்தத் தரையில் ஒரு குழந்தை தவழ்கிறது.

ஓர் அரிசிமணி எடைக்கு ஒரு கணக்கு

எவ்வளவு தூள் கெடுதல்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஈயத்தை அளக்கும் அலகு மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறு. ஓர் அரிசிமணியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம், அதாவது 20,000 மைக்ரோகிராம்.

பழைய பெயின்ட்டில் நூற்றுக்கு ஒரு பங்கு ஈயம் என்று வைத்துக்கொள்வோம். இது மிகைப்படுத்திய எண் அல்ல. விதி வருவதற்கு முன் இந்தியக் கடைகளில் வாங்கிச் சோதித்த எண்ணெய்ப் பெயின்ட்களில் இதைத் தாண்டியவையும் உண்டு. அப்படியானால் ஓர் அரிசிமணி எடையுள்ள பெயின்ட் தூளில் இருக்கும் ஈயம் 200 மைக்ரோகிராம்.

இதை இரண்டு வயதுக் குழந்தை விழுங்குகிறது. எடை 12 கிலோ. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் சுமார் பாதியைச் சிறு குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும். ஆக, உடம்பில் சேர்வது 100 மைக்ரோகிராம். அந்தக் குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய 900 மில்லிதான். ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்துக்கும் 11 மைக்ரோகிராம் என்று பங்கு விழுகிறது.

அதே தூளை அப்பா விழுங்கினால்? பெரியவர்களின் குடல் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும், 20 மைக்ரோகிராம். அவர் ரத்தம் நாலரை லிட்டர். 100 மில்லிக்கு அரை மைக்ரோகிராம்கூட வராது. ஒரே தரை, ஒரே தூள். பிள்ளைக்கு விழும் பங்கு அப்பாவுடையதைப் போல 25 மடங்கு.

உண்மையில் உறிஞ்சிய ஈயம் முழுவதும் ரத்தத்திலேயே நிற்காது. எலும்புக்கும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பிரிந்து போகும். எல்லாத் தூளும் வயிற்றில் ஒரே மாதிரி கரைவதும் இல்லை. ஆகவே ரத்தத்தில் அளந்தால் 11-ஐவிடக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் தூசி ஒரு நாளோடு முடிகிற சமாசாரமும் இல்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 100 மில்லிக்கு 3.5 மைக்ரோகிராம் வந்தாலே அந்தக் குழந்தையின் வீட்டைக் கவனிக்கச் சொல்கிறது. 2021-ல் வகுத்த அளவு அது. சாப்பாட்டின் வழியாக ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் 2.2 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் எல்லை. நம் கணக்கின் 200 அதைப் போல 90 மடங்கு. அரிசிமணியைத் தொண்ணூறு துணுக்காக்கி அதில் ஒன்றை விரலில் ஒட்டிக்கொண்டாலே எல்லை வந்துவிடுகிறது. அந்தத் துணுக்கு எளிதில் கண்ணில் படாது.

குடல் ஏன் கதவைத் திறக்கிறது?

வளரும் உடம்புக்குக் கால்சியம் வேண்டும், இரும்புச்சத்து வேண்டும். இரண்டையும் எப்படியாவது பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும்படி குழந்தையின் குடல் அமைந்திருக்கிறது. ஈய அணு ரசாயன நடத்தையில் இந்த இரண்டின் சாயலையும் கொண்டது. அவற்றுக்கான வழியிலேயே ஈயமும் நுழைந்துவிடுகிறது. உடம்பில் இரும்பும் கால்சியமும் போதுமான அளவு இருந்தால் குடலின் இழுப்பு குறையும், ஈயத்தின் வரவும் குறையும். பற்றாக்குறை என்றால் வழி இன்னும் அகலமாகத் திறக்கும்.

தமிழ்நாட்டுக்கு இது மிகவும் பொருந்தும் செய்தி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளின் உடம்பு இரும்புக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஈயமோ ரத்தம் ஊறுவதற்கான வேலையையே தடுப்பது. ஆகவே ரத்தசோகையால் ஈயம் அதிகம் ஏறுகிறது, ஏறிய ஈயத்தால் ரத்தசோகை கூடுகிறது. பால்கோவாவுக்கே பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பாலில் ஒரு டம்ளர் அங்கன்வாடிக் குழந்தைக்குத் தினமும் கிடைத்தால் எலும்புக்கு நல்லது, ஈயத்துக்கும் ஒரு தடை. காலையில் வெறும் வயிற்றோடு இருக்கும் குழந்தை ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால், பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கு இந்தக் கோணத்திலும் ஒரு பெருமை உண்டு.

பிறகு தெரியும் கறை

ரத்தத்திலிருந்து ஈயம் மூளைக்குப் போகிறது. மூளையில் நரம்பு நரம்போடு பேசுவதற்குக் கால்சியம்தான் சைகை. எந்த இணைப்பு நிலைக்கவேண்டும், எது உதிரவேண்டும் என்று முதல் சில ஆண்டுகளில் முடிவாவது அந்தச் சைகைகளைக் கொண்டுதான். அதற்குள் ஈயம் புகுந்து குழப்புகிறது. அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. குழந்தை ஓடும், விளையாடும். அதிகம் போனால் வயிற்றுவலி, மலச்சிக்கல், எரிச்சல் என்று ஏதாவது இருக்கலாம்.

ராஜபாளையத்து நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பஞ்சுப் பொதியிலிருந்து பாலிதீன் சாக்கின் ஓர் இழை கலந்துவிட்டால் நூலில் கண்டுபிடிப்பது கடினம். நெய்து முடித்துச் சாயத்தில் முக்கும்போது, அந்த இழை மட்டும் சாயம் பிடிக்காமல் கோடாக நிற்கும். இரண்டு வயதில் புகுந்த ஈயமும் ஆறு, ஏழு வயதில் பள்ளியில்தான் தெரிகிறது: கவனம் நிற்கவில்லை, படித்தது தங்கவில்லை, சட்டென்று கோபம்.

ஈயத்துக்கும் இப்படிப்பட்ட குறைகளுக்கும் உள்ள தொடர்பு நம் மாநிலக் குழந்தைகளிடமே அளந்து பார்த்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணனும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சென்னையில் மழலையர் பள்ளியிலும் தொடக்கப் பள்ளியிலும் படித்த 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகளைச் சோதித்தார்கள். அனன்யா ராய் முதல் ஆசிரியராக 2009-ல் வெளியான அந்த ஆய்வில், ரத்த ஈயத்தின் சராசரி 100 மில்லிக்கு 11.4 மைக்ரோகிராம். பெற்றோரின் படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், ஈயம் கூடிய குழந்தைகளிடம் பதற்றமும், பிறரோடு பழகுவதில் சிக்கலும், கவனக்குறைவும் கூடுதலாக இருந்தன.

"கொஞ்சம்தானே" என்று விட்டுவிடவும் முடியாது. 2005-ல் புரூஸ் லான்ஃபியர் குழுவினர் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ரத்த ஈயம் 2.4-லிருந்து 10-க்கு ஏறுகையில் நுண்ணறிவு ஈவு 3.9 புள்ளி சரிந்தது. 10-லிருந்து 20-க்கு ஏறுகையில் மேலும் 1.9 மட்டுமே. முதல் துளிதான் அதிகம் கெடுக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

எலும்பில் உறங்குவது

ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாத அளவில் பாதியாகக் குறையும். எலும்புக்குள் போனதோ பல பத்து ஆண்டுகள் தங்கும். ஒரு பெண் கருவுற்றதும் பிள்ளையின் எலும்புக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் இறங்குகிறது. கூடவே அவள் சிறுவயதில் சேர்ந்த ஈயமும் இறங்குகிறது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. அதற்கு முன் போக்குவரத்து மிகுந்த நகரச் சாலையோரத்தில் வளர்ந்த பெண்களில் சிலர் இப்போதும் பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். கருவுற்ற தாய்க்குக் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை அலமாரியில் போட்டுவைக்கக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

மஞ்சள் டப்பா, வேலைச் சட்டை

பெயின்ட்டில் நிறம் தந்த ஈயக் குரோமேட்டுக்கு வெட்கக்கேடான இன்னொரு உபயோகம் உண்டு: நிறம் மங்கிய விரலி மஞ்சளைப் பாலிஷ் போடும்போது தூவி, தங்கமாக மின்னவைப்பது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளத்தின் 23 நகரங்களில் வாங்கிய 356 மஞ்சள் மாதிரிகளைச் சோதித்து 2024-ல் வந்த ஆய்வில், பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகள் சில ஒரு கிராமுக்கு 1,000 மைக்ரோகிராமைத் தாண்டின. நம் நாட்டு விதி அனுமதிப்பது 10. அப்படிப்பட்ட மஞ்சள் அரை கிராம் குழம்பில் விழுந்தால் 500 மைக்ரோகிராம். மேலே போட்ட அரிசிமணிக் கணக்கையே மிஞ்சிவிடுகிறது. பளபளக்காத, தோல் சுருங்கிய விரலி மஞ்சளை வாங்கிக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைக்கும் பழக்கம் ராஜபாளையம் பக்கத்து வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

வங்கதேசம் இந்தக் கலப்படத்தை ஒழித்துக்காட்டியது. 2019-ல் கலப்படக்காரர்களுக்கு அபராதம், சந்தையிலேயே கருவி வைத்துச் சோதனை, செய்தித்தாள்களில் எச்சரிக்கை என்று அரசு இறங்கியது. அந்த ஆண்டு சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021-ல் ஒன்றில்கூட இல்லை.

மஞ்சளோடு இது முடியவில்லை. மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த இன்வெர்ட்டர் பேட்டரியில் கிலோக் கணக்கில் ஈயம் இருக்கிறது. மூடியிருக்கும்வரை பயமில்லை. ஆயுள் முடிந்ததும் கூடுதல் காசுக்காகத் தெரியாத இரும்புக்கடையில் போட்டு, அங்கே அதை உடைத்து உருக்கினால் அந்தத் தெரு மண்ணே கெட்டுப்போகும். செனகல் நாட்டின் தியாரோய் என்ற ஊரில் 2007-08-ல் இப்படிப் பேட்டரி உடைத்த இடத்தின் மண்ணால் 18 குழந்தைகள் இறந்தார்கள். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொள்வதுதான் சரி.

பட்டாசில் படபட ஓசைக்குச் செவ்வீய ஆக்சைடு சேர்க்கும் வழக்கம் இருந்தது. 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் ஈயத்தை ஆர்செனிக், பாதரசம், ஆன்டிமனி, லித்தியத்தோடு சேர்த்துத் தடைசெய்தது. பட்டாசு, பேட்டரி, பெயின்ட் என எந்தத் தூசியில் வேலை பார்த்தாலும், அந்தச் சட்டையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கக் கூடாது. முதலில் குளியல். சட்டையையும் குழந்தைத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம். கண்மாயில் வீசும் வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறவர்கள் அதைச் சமையல் அடுப்பில் உருக்கக் கூடாது. செய்தித்தாளில் வைத்துத் தரும் வடையும் பஜ்ஜியும் அச்சு மையை உறிஞ்சும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் இதை எச்சரித்தபோது ஈயத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பழைய உலோகக் கழிவை உருக்கி வார்க்கும் மலிவு அலுமினியப் பாத்திரங்களிலிருந்தும் ஈயம் கசிவதுண்டு. 2025 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து போன சில பாத்திரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது.

ஈரத்துணியும் இரண்டு துளி ரத்தமும்

கதவுக்கு வருவோம். பழைய பெயின்ட்டை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத்தில் தேய்க்கும் தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். கீழே பழைய சேலையை விரித்து, முடிந்ததும் சில்லுகளோடு சுருட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த இரண்டு நாளும் பிள்ளைகளும் கர்ப்பிணியும் வேறு வீட்டில் இருக்கட்டும். விளக்குமாறால் பெருக்கினால் தூள் எழும்பி மறுபடி படியும். ஈரத்துணியால் துடைத்து, துணியை அலசி, இன்னொரு முறை துடைக்க வேண்டும். பெயர்ந்து உதிராத பெயின்ட்டைச் சீண்ட வேண்டாம். அதன்மேல் புதிதாக ஒரு பூச்சு அடித்தாலே போதும். சாப்பிடுமுன்னும் தூங்குமுன்னும் குழந்தையின் கையைக் கழுவுவது, இந்த அத்தியாயத்தில் சொன்ன வழிகளில் பலவற்றை ஒரே இடத்தில் அடைக்கிறது.

ஆனால் எந்தக் குழந்தைக்கு ஏறியிருக்கிறது என்பது வீட்டில் தெரியாது. ரத்தத்தை அளந்தால்தான் தெரியும். தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வருகிறது. விரல் நுனியில் எடுக்கும் இரண்டு துளி ரத்தத்தைக் கொண்டு மூன்று நிமிடத்தில் ஈய அளவைச் சொல்லும் கைக்கருவிகள் உலகில் புழக்கத்தில் இருக்கின்றன. இந்த ஊர்களின் மாவட்டத் தலைநகரான விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்னேற விழையும் மாவட்டம் என்று ஒன்றிய அரசு தேர்ந்தெடுத்து, குழந்தைகளின் ஊட்டத்தை மாதாமாதம் கணக்கெடுக்கும் மாவட்டங்களில் விருதுநகரும் ஒன்று. அந்தக் கணக்கில் ஈயத்துக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். பழைய வீடுகள் நெருங்கிய தெருக்களிலும், பேட்டரி உடைக்கும் கடைகள் உள்ள தெருக்களிலும், பட்டாசுத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் தொடங்கலாம். 3.5-ஐத் தாண்டிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மருந்து தேவைப்படாது. ஈயத்தை வெளியேற்றும் மருந்து 45-ஐத் தொட்டவர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு வேண்டியது, கிராமச் செவிலியர் ஒருவர் அந்த வீட்டுக்கே போய் நிலைக்கதவையும் மஞ்சள் டப்பாவையும் கொடியில் தொங்கும் அப்பாவின் வேலைச் சட்டையையும் பார்ப்பது, மூன்று மாதம் கழித்து அதே விரலில் இன்னொரு முறை அளப்பது.